கந்துவட்டி

திபிலீசியின் சுரங்க ரயிலில்
நகரும் படிக்கட்டின் அடியில்
ஒரு கண்ணாடிக் கூண்டு.
உள்ளே நான், எதேரி.
என் வேலை பார்த்துக்கொண்டிருப்பது.
யாராவது விழுந்தால் சிவப்புப் பொத்தானை அமுக்குவது.
பதினோரு வருடத்தில் நான்கு முறை அமுக்கியிருக்கிறேன்.
மற்ற நேரமெல்லாம்
முகங்கள் இறங்கும், முதுகுகள் ஏறும்,
தலைக்கு மேல் குழல்விளக்கு ஒன்று
கண்ணடித்துக்கொண்டே இருக்கும்.

இடது கண்ணோரம்தான் அது தொடங்கும்:
ரம்பப் பல் வைத்த வெளிச்சம்.
இறங்கி வருபவர்களுக்குப் பாதி முகம் இருக்காது.
அரைமணியில் ஆணி.

கைப்பையில் சிட்ரமோன்.
பட்டைக்குப் பத்து.
சூடான ஷோத்தி ரொட்டியைவிட மலிவு.
மருத்துவர் சீட்டு வேண்டாம். கேள்வி கிடையாது.
கூண்டுக்குக் கூண்டு நாங்கள்
சூரியகாந்தி விதைபோலக் கைமாற்றிக்கொள்வோம்.
எனக்குத் தண்ணீர்கூட வேண்டியதில்லை.

என் தலையை
மாலைவரை எனக்கே கடன் கொடுத்தது ஒரு மாத்திரை.
விடிந்ததும் வாசலில் வந்து நின்றது.
வட்டிக்கு இரண்டு போட்டேன்.
பிறகு வலி வராமலே,
வந்துவிடுமோ என்ற பயத்துக்கு ஒன்று.
நாத்தனார் மகளின் கல்யாண விருந்துக்கு முன்னால் ஒன்று.
வானம் இருண்டால் ஒன்று.
முதல் அப்படியே இருந்தது.

நிலைய வாசலில் மருந்துக்கடை. குரம், சிடுமூஞ்சி.
நவம்பரில் ஒரு நாள்
பட்டையை நீட்டியவர் பிடியை விடவில்லை.
"மாதத்தில் எத்தனை நாள்?"
வலியா, என்றேன்.
"மாத்திரை போட்ட நாள்."
எனக்குத் தெரியவில்லை.
பட்டையைத் திருப்பி எறும்பெழுத்தில் மூன்று பெயர் காட்டினார்:
ஆஸ்பிரின், பாரசிட்டமால், காஃபின்.
"மூன்று பேர் ஏறுகிறார்கள்,
நீங்கள் ஒரு சீட்டைத்தான் சரிபார்க்கிறீர்கள்."
இரவில் நான் கலக்கிக் குடிக்கும் சளிப்பொடியிலும்
நடுவில் இருப்பவன் மறுபடி ஏறியிருந்தான்.

பற்பசை விளம்பரம் போட்ட நாட்காட்டி ஒன்று
இனாமாகத் தந்தார்.
மாதக் கடைசியில் எண்ணினேன்.
இருபத்து மூன்று.
இந்தக் கலவைக்குப் பத்து நாளே அதிகமாம்.
அதைத் தாண்டினால்
வலியை மருந்தே பெற்று வளர்க்குமாம்.
நரம்பு மருத்துவரும் அதையேதான் சொன்னார்,
இன்னும் அதிகக் கட்டணத்துக்கு.
வலியைத் தடுக்கத் தினமும் வேறொரு மாத்திரை எழுதினார்.
"முதலில் மோசமாகும்" என்றார்
பேனாவை மூடியபடி.

ஆனது.
தலைவலி போய்த் திருகுவலி வந்ததென்பார்கள்.
எனக்கு எதுவும் போகவில்லை,
எல்லாமே வந்தன.
ஜன்னலில் கம்பளி, கட்டிலடியில் வாளி.
லாமரா என் கூண்டில் உட்கார்ந்தாள்.
உனக்கென்ன, வெறும் தலைவலிதானே என்று
அவள் ஒருமுறைகூடக் கேட்கவில்லை.
அதற்காக அவளுக்கு நான் இன்னும் கடன்பட்டிருக்கிறேன்,
வட்டியில்லாத கடன்.

பன்னிரண்டாம் நாள் காலை
எதையோ காணோம் என்று தேடினேன்.
குளிர்பதனப்பெட்டி நின்றபிறகுதானே
அதுவரை இரைந்துகொண்டிருந்தது உறைக்கும்.

போய்விட்டதென்று சொல்ல மாட்டேன்.
வருகிறது. மாதம் ஐந்து, ஆறு முறை.
பல் காட்டும்போதே
இரண்டு வாய் சாப்பிட்டு, ஒரு டம்ளர் தண்ணீரோடு
எழுதிக் கொடுத்த அளவு. கட்டத்தில் ஒரு பெருக்கல் குறி.
வாரத்துக்கு இரண்டு குறிதான்.
மூன்றாவது நாளும் வந்தால்
விளக்கை அணைத்துவிட்டு
அதற்கும் இடம் விட்டுப் படுத்துக்கொள்கிறேன்.

நேற்று ஆறு மணி நெரிசல்.
கணக்கியல் புத்தகம் வைத்திருந்த பையன்
உள்ளங்கையால் இடது கண்ணை அழுத்தியபடி இறங்கினான்.
பையைத் துழாவினான். பட்டையைக் கிழித்தான்.
தலையை அண்ணாந்து, தண்ணீரில்லாமல், விழுங்கினான்.
இந்த வாரத்தில் நான் பார்க்க மூன்றாவது முறை.

அவன் தடுமாறவில்லை. விழவில்லை.
கடைசிப் படியைச் சரியாகத் தாண்டி
ரயிலுக்கு ஓடினான்.
என் விரல்
பொத்தானின் மேலேயே இருந்தது.