தடிப்பு

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள்.
சிம்கோ ஏரியின் ஆழம் வரைபடத்திலேயே இருக்கிறது.
தெரியாதது தடிப்பு.
எங்கள் பேச்சில் அதற்குத் திமிர் என்றும் பொருள்.
இரண்டையும் அளந்துதான் இறங்கவேண்டும்.

போகுமுன் ஒரு கிழமை
வரவேற்பறைக் கம்பளத்தில் விழுந்து பழகினேன்.
உள்ளே போனால் கையை அகல விரி,
காலை உதை, நெஞ்சால் ஏறு,
எழும்பி நிற்காதே, உருளு.
உருண்டதில்
சோபாவுக்கடியில் தொலைந்த ரிமோட் கிடைத்தது.
மகன் நேரம் பார்த்தான்:
"நாலு நிமிஷம். நீங்கள் செத்திட்டீங்கள் அம்மா."

பாண் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து
நேரே வந்தோம் மூவரும்:
போர்க்லிப்ட் ஓட்டும் மார்சேல்,
பொதி செய்யும் கோசலை,
சூளை வாசலில் நிற்கும் நான்.

"கறுப்பென்றால் நம்பு,
வெள்ளையென்றால் பாதி நம்பு" என்றான் மார்சேல்.
அவனுக்கு அதைச் சொன்னது
பன்னிரண்டு வயதில் இடுப்பளவு விழுந்த தம்பி.
தம்பிக்குச் சொன்னது தண்ணீர்.

கோசலை கொப்பியில் எழுதிக்கொண்டாள்.
விறைத்த விரல்
'பனங்கட்டி நாலு அங்குலம்' என்று எழுதிவிட்டது.
அன்றிலிருந்து எங்களுக்குக்
கறுப்பு, பனங்கட்டி.
வெள்ளை, சீனி.

மூன்று இடத்தில் துளைத்தோம்.
நாலு. நாலரை. நாலு.
அப்போது ஏரி கத்தியது,
ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு
யாரோ தகரத்தைக் கிழித்துக்கொண்டு ஓடுவதுபோல.

நான் கிடந்தேன்.
பழகியபடியே, வெகு அழகாக, உருண்டேன்.
மார்சேல் நின்றபடி கோப்பியை ஊதினான்.
"வளருது" என்றான்.
"தடிக்கும்போது கத்தும்.
கத்தாத நாளில்தான் எனக்குப் பயம்."
குளிர், இருட்டு, உதை
எல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன்.
கம்பளம் ஊமை என்பதை
யோசிக்கவில்லை.

பாணின் அடியைத் தட்டினால்
வெறும் பானைபோலக் கேட்கவேண்டும்.
கேட்டால் வெந்துவிட்டது.
பதினொரு வருடமாகத் தட்டுகிறேன்.
திரும்பும் வழியிலும்
உளிக்காம்பால் சும்மா தட்டிக்கொண்டே வந்தேன்.
ஓரிடத்தில் அதே சத்தம்.
"வெந்திட்டுது" என்றது வாய்.
கால் நின்றுவிட்டது.

கீழே காற்று.
தண்ணீர் இறங்கிப்போய் மூடி மட்டும் மிச்சம்.
காலையில் மார்சேல் இரண்டு தரம்
அதன்மேல் நடந்திருக்கிறான்.
ஒன்றும் சொல்லாமல்
என் கையிலிருந்த உளியை வாங்கி
தானும் தட்டினான்.
பிறகு கோசலை தட்டினாள்.
பிறகு மூவரும் தள்ளி நின்றோம்.

வழியெல்லாம்
முகம் தெரியாத யாரோ நட்ட ஊசியிலைக் கொப்புகள்.
இந்தப் பக்கம் வா என்பதற்கு.
எங்களிடம் கொப்பு இல்லை.
காரில் பனி கூட்டும் தும்புத்தடியை
அந்த இடத்தில்
தலைகீழாக நட்டுவிட்டு வந்தோம்.

போன ஞாயிறு மறுபடி போனோம்.
தும்புத்தடி அங்கே இல்லை.
இருபது அடி மேற்கே நின்றது.
பக்கத்தில் புதிதாய் ஒரு கொப்பு,
அதில் கட்டிய சிவப்புத் துணி.
யாரென்று தெரியாது.
எப்போது பார்த்தார்களோ, எதைக் கேட்டார்களோ.

நம்பினோம்.
தட்டிப் பார்த்துக்கொண்டே நடந்தோம்.