பதினொன்றாம் பக்கம்

கதவைச் சாத்திவிட்டு உட்காருங்கள், டாக்டர்.
சவோய் மலையில் மே மாதத்துக்கும் பல் உண்டு.
போன தடவை பதினொன்றாம் பக்கத்தில் நிறுத்தினீர்கள்:
'காட்டில் பொறுக்கி உண்டவை.'

பொறுக்கினோம்.
பனி வடிந்த சரிவில், ஊசியிலை மரத்தடியில்,
மூளையைப் போல மடிந்து மடிந்து
பழுப்பாய்க் கிடக்கும் அந்தக் காளான்.
சந்தையில் விற்கக் கூடாது என்பது தெரியும்.
இரண்டு கொதி விட்டு நீரைக் கொட்டினால்
நஞ்சு போய்விடும் என்போம்.
சொல்லிக்கொண்டே வெண்ணெயில் வதக்குவோம்.

ஃபிர்மான் முதலில் இழந்தது கட்டைவிரலை.
இழந்தது என்றால், கையில்தான் இருந்தது;
சறுக்குக் காலணியின் கொக்கியை மாட்டு என்றால்
கேட்கவில்லை.
பிறகு தோளில், தோலுக்கடியில் ஒரு துடிப்பு.
கொதி வருமுன் பாத்திரத்தின் அடியில்
நீர் நெளியுமே, அப்படி.

அன்றிலிருந்து குற்றவாளியைத் தேடுகிறார்.
கூரையிலிருந்து விழுந்த குளிர்காலம்,
பட்டறையில் மூச்சோடு போன பெயின்ட் கரைப்பான்,
பட்டாளத்தில் போட்ட ஊசி.
இப்போது பேச்சு கண்ணில் மட்டும்.
நேற்று எழுத்துப் பலகையில் அரைமணி நேரம்
ஒவ்வோர் எழுத்தாய்ப் பார்த்துப் பார்த்து முடித்தார்:
'ஈயக் குழாய்.'
அந்தக் குழாயை
நாங்கள் மணமான வருடமே மாற்றிவிட்டோம்.
நான் சொல்லவில்லை.

இந்தச் சாலையில் இவர் மூன்றாவது ஆள்.
தபால்காரி கிஸ்லேன். அதற்கு முன் செவ்ரான்.
சுற்றுலாக்காரர் காதில் போடாதே என்கிறார் மேயர்.

உங்கள் தாளில் ஒன்றுக்குக் கட்டமே இல்லை, டாக்டர்.
ஒரே வாணலி. இரண்டு முட்கரண்டி.
முப்பத்தொரு வசந்தம்.
மொறுமொறுத்த ஓரங்களை எப்போதும்
என் பக்கம் ஒதுக்கிவிடுவார்.
இன்று அவர் சட்டைக்கு நான் பொத்தான் போடுகிறேன்,
எட்டுப் பொத்தான், தடங்கலில்லாமல்.
சில நாள் என் விரல்கள்மேல்
எனக்கே கோபம் வருகிறது.

சிலர் உடம்பு அந்த நஞ்சை மெதுவாக உடைக்குமாம்,
பிறப்பிலேயே அப்படியாம், நீங்கள்தான் சொன்னீர்கள்.
இருக்கலாம் என்றீர்கள்.
மற்றதெல்லாம் பேனாவில் எழுதிய நீங்கள்
அந்த 'இருக்கலா'மை மட்டும்
பென்சிலில் எழுதியதைப் பார்த்தேன்.

பரணில் இன்னும் ஒரு சரம் தொங்குகிறது,
நூலில் கோத்து உலர்த்தியது,
நான்கு வருடப் பழசு.
ஆய்வுக்கு வேண்டுமானால்
கீழேயிருந்து வெட்டிக்கொள்ளுங்கள்.
மேலே உள்ள முடிச்சு
அவர் கை போட்டது.