பத்தொன்பது விநாடி

வங்கிக்காக விலை எழுதுகிறவன் நான்.
மூக்கையூர் விசைப்படகு, உச்சிப்புளித் தென்னந்தோப்பு,
ஒரு தடவை தேவிபட்டினத்தில் ஐஸ் ஃபேக்டரி.
படகு என்றால் கணக்கு லேசு.
முதல் பருவத்தில் கால்வாசி போகும்,
மிச்சத்தை உப்பு பார்த்துக்கொள்ளும்.
ஐந்தாம் வருடம் எஞ்சினுக்கு மட்டும் தொகை போட்டு
பலகையை விறகுக் கணக்கில் சேர்ப்பேன்.

கீழக்கரையில் அந்த ஷட்டரைத் தூக்கியபோது
உள்ளே குளிர்.
மூலையில் ஈரம் உறிஞ்சும் இயந்திரம்,
அதன் வாளியில் இரவெல்லாம் பிடித்த கடற்காற்று
முக்கால் வாளி தண்ணீராக.
நடுவில் மஞ்சள் வண்டி. புதுச்சேரி எண்.
வடக்குத் தெரு வேகத்தடையைத் தாண்ட
இரண்டு பேர் பலகை பிடிக்க வேண்டிய உயரம்.

பின்சீட் கிடையாது, அங்கே இரும்புக் கூண்டு.
பாட்டுப்பெட்டி கிடையாது.
கதவுக்கு உள்கைப்பிடிகூட இல்லை,
சிவப்பு நாடா தொங்குகிறது, இழுத்துக்கொள்ள வேண்டும்.
பந்தயத் தடத்துக்காக எடை குறைத்தானாம் ஜெர்மன்காரன்,
குறைத்த ஒவ்வொன்றுக்கும் தனியே பில்.
"இல்லாததையெல்லாம் காசு கொடுத்து வாங்கினாக"
என்றார் ஜுனைதா, சாவியை மேசைமேல் வைத்து.

ஹபீபு நெய்னா ஷார்ஜாவில் கடையைப் பூட்டி நான்கு மாதம்.
வண்டி வந்தது மூன்று கோடி இருபதுக்கு,
ஆறு வருடம் முன்பு.
கொச்சியிலிருந்து ஷைஜு நேற்றுச் சொன்னது
மூன்று அறுபத்தைந்து.
அதே மாதம் வாங்கிய வெள்ளைக் கார் வாசலில் நிற்கிறது.
மதுரை ஆஸ்பத்திரிக்கும் மண்டபம் கல்யாணத்துக்கும்
மூன்று பிரசவத்துக்கும் போய் வந்தது.
அதற்கு ஐந்தில் ஒரு பங்குதான் எழுத முடிந்தது.
எழுதும்போது அதைத் திரும்பிப் பார்க்கவில்லை நான்.

மஞ்சள் வண்டி ஓடியது இரண்டாயிரத்து நூற்று நாற்பது.
ஸ்கேனரைச் செருகினேன்.
எஞ்சின் எத்தனை சுற்று சுற்றியது என்று
உள்ளே ஒருவன் உட்கார்ந்து குறித்துக்கொண்டே இருப்பான்,
வாங்குகிறவன் முதலில் கேட்பது அவனைத்தான்.
அறுபத்தோராம் மணி நேரத்தில்
சிவப்புக் கோட்டை ஒட்டிப் பத்தொன்பது விநாடி.
"சார் தடத்துக்குக் கொண்டுபோனாரா?" என்றேன்.

அவர் ஸ்கேனரையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"தேதி சொல்லாதா அது?"
சொல்லாது.
"நான் சொல்றேன். நோன்பு இருபத்தொண்ணு.
சஹர் சோறு அடுப்பில கிடந்துச்சு.
அவுக ஷார்ஜாவுல."

ஏர்வாடி தாண்டி, வாலிநோக்கம் விலக்கில் திரும்பி,
ரெண்டு பக்கமும் உப்பளம், பாத்தி பாத்தியா நிலா.
மூணாவது கியருக்கு மேல
நாலு எங்க இருக்குன்னு தெரியல.
கத்துனது வண்டியா நானான்னும் தெரியல.
திரும்பி வந்தா சோறு குழையல.
தெருவே விழிச்சிருந்த நேரம், எல்லாருக்கும் சத்தம் கேட்டுச்சு.
தம்பி ராசிக்தான் ஓட்டினான்னு பேச்சு.
அவனும் இல்லைன்னு சொல்லல, பெருமைக்கு.

ஷைஜுவுக்குப் போன் போட்டேன்.
மறைத்தாலும் அவன் செருகிப் பார்ப்பான்.
பன்னிரண்டு லட்சம் குறைத்தான்,
மூச்சு விடுகிற நேரத்தில்.

ஜுனைதா கைபேசியில் வகுத்துப் பார்த்தார்.
"விநாடிக்கு அறுபத்து மூவாயிரம்" என்றார்.
மறுபடி வகுத்தார், அதே தொகை.
முக்காட்டை இழுத்துவிட்டு,
"அவுக ஆறு வருசமா துடைச்சாக" என்றார்.
வேறெதுவும் சொல்லவில்லை.

குறிப்பு என்ற கட்டத்தில்
என்ன எழுதுவதென்று பேனா நின்றது.
யார் ஓட்டியது என்று வங்கி கேட்பதில்லை.
"ஒருமுறை ஓடியிருக்கிறது" என்று எழுதி,
அடித்துவிட்டு,
எண்ணை மட்டும் போட்டேன்.

வாளி நிறைந்து இயந்திரம் கூவியது.
அவர் தூக்கிப்போய்
கொல்லையில் மருதாணிச் செடிக்கு ஊற்றினார்.