இசிப்பிங்கோ முகத்துவாரம், நீர் வற்றும் நேரம்

நான் எண்ணியது நாற்பத்தொன்று.
நொக்வாண்டா எண்ணியது பதினேழு.
ஒரே மரச்சட்டம், மீட்டருக்கு மீட்டர்,
ஒரே சேறு.

அவள் பல்கலைக்கழகம் வடக்கே, இரண்டு மணி நேரப் பேருந்து.
என்னுடையது குன்றின் மேல், குரங்குகள் அதிகம்.
இரண்டு பேராசிரியர்கள் ஒரு மின்னஞ்சலில் கைகுலுக்கி
எங்களை இந்த அலையாத்திக்குள் இறக்கிவிட்டார்கள்.

தப்பாய் எண்ணுகிறாய் என்று
இருவருமே சொல்லவில்லை.
முதுகைக் காட்டிக்கொண்டு ரொட்டி தின்றோம்.

மூன்றாம் நாள்தான் தெரிந்தது:
நான் வளைகளை எண்ணியிருந்தேன்,
அவள் நண்டுகளை.
வளைக்கொரு நண்டு என்பது எனக்குச் சொன்ன பாடம்.
கண்ணில் பட்டதை மட்டும் எழுது என்பது அவளுக்கு.

தோண்டினோம். முழங்கை வரை சேறு.
காலி.
காலி.
ஒரு பிளாஸ்டிக் மூடி.
காலி.
பிறகு ஒன்று
என் சுண்டுவிரலைக் கவ்வி
விடவே இல்லை.
நான் கத்திய கத்தலில் கொக்குகள் எழுந்தன.
நொக்வாண்டா பென்சிலை நக்கிக்கொண்டு
'ஒன்று' என்று எழுதினாள்.

தண்ணீர் ஏறுகிறது, சட்டத்தைத் தூக்குகிறோம்.
அட்டவணையில் இப்போது மூன்று பத்தி:
வளை. நண்டு.
மூன்றாவதற்கு அவளே தலைப்பு வைத்தாள்,
'வீடு உண்டு, ஆள் இல்லை.'

பேராசிரியர்கள் அதை மாற்றிவிடுவார்கள்.
திங்கட்கிழமை வரை
அப்படியே இருக்கட்டும்.