பதினாறாம் நாள்

மசூரியாவில் பிப்ரவரி.
ஏரி உறைந்துகிடக்கிறது, மேலே யாரோ வண்டி ஓட்டிய தடம்.
தெயோஃபிலின் தொழுவத்தில் மட்டும் ஆவி.
தோள்வரை உறை மாட்டிக்கொண்டு
மலினாவுக்குள் கை விடுகிறேன்.
திரையில் சாம்பல் மழை.
முப்பதாம் நாளில் துடிக்கவேண்டிய
உளுந்தளவு வெளிச்சம் இல்லை.

"காலி" என்றேன்.
இவளுக்கு மூன்றாம் முறை.
இந்தக் குளிரில் பதினோராவது பசு.

முதலில் விந்து அனுப்பிய கம்பெனியைத் திட்டினார்,
பிறகு ஊசி போடும் பையனின் நடுங்கும் கையை,
கொஞ்சம் யோசித்துவிட்டு
மாட்டை.
தீவனத்தை யாரும் திட்டுவதில்லை.

அது அவ்வளவு நன்றாக இருந்தது.
ஜூனில் அறுத்துப் பொதிந்த சிவப்பு குளோவர்.
போகுமிவா பிளாஸ்டிக்கைக் கிழித்ததும்
ஊறிய பழமும் புகையிலையுமாக ஒரு வாசனை.
மாடுகள் கழுத்துச் சங்கிலி இறுக எட்டின.

பூஞ்சைக்குப் பயந்து
தனக்கென்று அந்தச் செடி காய்ச்சிவைத்தது,
இரைப்பையில் வேறொன்றாகித்
திரிந்து ரத்தத்தில் ஏறி
பெண் சுரப்பின் குரலில் பேசுகிறது.
வஞ்சம் இல்லை.
மாடு என்றால் என்னவென்றே அதற்குத் தெரியாது.

பதினாறாம் நாள் வாக்கில்
நூலாய் நீண்ட கரு
ஒரே ஒரு சொல் சொல்லியாகவேண்டும்:
வந்திருக்கிறேன்.
அது எட்டினால்
சூலகத்தில் மஞ்சள் உடல் கரையாமல் நிற்கும்.
மஞ்சள் உடல், பாடப்புத்தகம் வைத்த பேர்;
நான் அலங்கரிக்கவில்லை.
எட்டாவிட்டால்
இருபத்தொரு நாள் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து.

அந்த வீட்டில் வேறு குரல் நிறைந்திருந்தது.
இவ்வளவுதான் எனக்குத் தெரியும்,
அதிலும் பாதி ஊகம்.

"அப்படியென்றால் ஒன்று இருந்ததா?"
போகுமிவா கேட்டாள்.
இருந்திருக்கலாம்.
"அதற்கு, நாம் ஒன்றும் கேட்கவில்லை என்று தெரிந்திருக்குமா?"
மாட்டைத்தானே கேட்கிறாய் என்று
வாயெடுத்து, அடக்கிக்கொண்டேன்.
அவள் கிழித்த பிளாஸ்டிக்கை
நாலாக, எட்டாக மடித்துக்கொண்டிருந்தாள்.

ஒரு பிடி தீவனத்தைப் பையில் கட்டி
ஓல்ஷ்டினுக்கு அனுப்பினேன்.
பத்தொன்பது நாள் கழித்துப் பதில் வந்தது.
மலினாவை ஏற்றிய லாரி
அதற்கு நாலு நாள் முன்னால் போயிருந்தது.
காதுப் பட்டையின் எண் என் நோட்டில் இருக்கிறது. அடிக்கவில்லை.

சினை நிற்கும்வரை வெறும் புல், ஓட்ஸ் வைக்கோல்,
நின்று இரண்டு மாதம் தாண்டினால் குளோவர் தரலாம் என்றேன்.
தெயோஃபில் தலையாட்டினார், தரவில்லை.
விதைக்குக் கடன் வாங்கிய வயலை உழவும் மனமில்லை.

ஜூனில் போனபோது அறுக்காத சிவப்பு,
முழங்கால் உயரம், தேனீக்கள்.
கம்பிவேலிக்கு இப்பால் கலினா,
வயிற்றில் நாற்பது நாள்,
நாக்கைச் சுழற்றி
எட்டாத ஒரு பூவுக்கு
எட்டிக்கொண்டே நிற்கிறாள்.