பதினான்கு மாடிக்கான கயிறு

விற்பதற்கு முன் எண்ணி வரச் சொன்னார்கள்.
கொழும்பிலிருந்து இரவு ரயிலில் வந்தேன்.
திருகோணமலை, கடல்முக வீதி:
கொட்டியாரக் கப்பல் முகவர் நிறுவனம், தலைமைச் செயலகம்.
ஒன்பது மாடி.
மொட்டைமாடியில் துருக்கம்பிகள்
இன்னும் ஐந்து மாடி கேட்டபடி நிற்கின்றன.

தலைவரின் மேசை ஒன்று, தேக்கு.
கதிரை இருபத்தொன்று, கால் உடைந்தவை வேறு.
வரவேற்பறையில் புள்ளிமான் மூன்று
(பட்டியலில் சேர்க்கவில்லை)
எண்பதாம் ஆண்டுக் கோப்பொன்றை
நிதானமாக மென்றுகொண்டிருந்தன.

லிப்ட் இயந்திர அறையில் ஒரு பதிவேடு.
மர்சூக் என்ற மெக்கானிக்கின் கையெழுத்து,
பக்கத்துக்குப் பக்கம் எண்ணெய் விரல்.

'1979 ஆவணி. கயிறு கப்பலில் வந்தது.
பதினான்கு மாடிக்கு அளவு. மாடிதான் வரவில்லை.'
'1981. ஒன்பதோடு நிறுத்தச் சொல்லிவிட்டார்கள்.
மிச்சத்தைச் சுருட்டிக் கிறீஸ் பூசினேன்.'
'1983 ஆடி. வேலை இல்லை.'
அதற்குக் கீழே பாதிப் பக்கம் வெறுமை.
'1985. தலைமைச் செயலகம் கொழும்புக்குப் போனது.
பலகை இங்கேதான்.'
'1990. கரண்ட் இல்லை. எட்டிலும் ஒன்பதிலும் ஆமி.
லிப்ட் ஓடாதா என்று கேட்டார்கள்.
கரண்ட் தாருங்கள் என்றேன். சிரித்தார்கள்.'

பிறகு மாதம் ஒரு வரி, வருடக்கணக்கில்:
கிறீஸ் பூசப்பட்டது.
கிறீஸ் பூசப்பட்டது.
ஓடாத லிப்டுக்கு,
சம்பளம் வராத மாதங்களிலும்.

'1996 பங்குனி. உப்பாற்றில் பாதை அறுந்து
லொறியும் சனமுமாய் நீரோடு போய்
மணல்திட்டில் தட்டி நின்றதாம்.
ஆட்கள் வந்து கேட்டார்கள்.
ஐந்து மாடி கொடுத்தேன்.'

மீட்டர் என்று எழுதவில்லை அந்த மனிதர்.
ஒப்பமில்லை, அனுமதிச் சீட்டில்லை.
ஓரத்தில் பென்சிலால் ஒரு கணக்கு மட்டும்:
ஆறு கயிறு, தலைக்கு ஐந்து மாடி,
பின்னி நீட்டினால் அக்கரைக்குக் காணும்.

இப்போது அங்கே பாலம்.
கயிறு எங்கே என்று கேட்டேன்;
டீக்கடையில் ஆளுக்கொரு ஊர் சொன்னார்கள்.

திரும்பி வந்து லிப்ட் கதவை நெம்பித் திறந்து
டோர்ச் அடித்தேன். பதினான்கு பொத்தான்கள்.
பத்து, பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று
கடைக் கண்ணாடிக்குள் இருப்பதுபோல் புதிது.
பதினான்கு மட்டும்
இலக்கம் அழியுமளவு தேய்ந்திருந்தது.

படிவத்தில் ஒரு கட்டம் மிச்சமிருந்தது:
குறைவுக்கான காரணம்.
நெடுநேரம் பேனாவைப் பிடித்திருந்தேன்.
தேய்மானம் என்று எழுதினேன்.