ஐந்து வெள்ளை

அஹத் படிப்பான், நாங்கள் முடிச்சுப் போடுவோம்.
காகிதப் பட்டையில் கொக்கியும் புள்ளியுமாய்
எறும்பு மையில் விழுந்து ஊர்ந்த தடம்.
தாலிம் என்று அதற்குப் பெயர்.
கல்லூரி போய் வந்தவர்கள்கூட
தலைகீழாகப் பிடித்துப் பார்ப்பார்கள்.

ஸ்ரீநகரில் வியத் ஆற்றைப் பார்த்த மாடி.
தறிக்கு முன்னால் ஒரே பலகையில் நான்கு பேர்:
மெஹ்தாப், ஃபாஸி, நான்,
வாய் ஓயாத ரம்ஸான்.
நான்கு பேருக்கும் ஒரு குரல்தான்
நிறத்தைப் படியளக்கும்.

"கருநீலம் மூன்று."
போட்டாச்சு.
"மாதுளை இரண்டு, வாதுமை ஒன்று."
போட்டாச்சு.

கேட்டதும் விரல் போய்விடும்.
நூல் நுழையும், கத்தி அறுக்கும்,
வரி முடிந்தால் சீப்பால் ஓர் அறை.
புத்திக்கு அங்கே வேலையில்லை,
புத்தி ஃபெரனுக்குள் காங்கிரி நெருப்பில்
குளிர் காய்ந்துகொண்டிருக்கும்.

அது தை மாதக் குளிர், குழாய் உறைந்த நாள்.
ஏற்றமில்லை, இறக்கமில்லை, அதே ராகத்தில்
"பச்சை நான்கு."
போட்டாச்சு.
"வெள்ளை ஒன்று."
போட்டாச்சு.
"சஃபியாவை ஸோபோரில் கொடுக்கிறார்கள்."
போட்டாச்சு.

நான்கு கத்திகளும் நின்றன.
ரம்ஸான் விரலில் ஏதோ ஒரு நூல் இருந்தது.
என்ன நிறமென்று
அவனே குனிந்து பார்த்தான்.

யாரும் திரும்பவில்லை.
திரும்பினால் முகம் என்று ஒன்று இருக்குமே.
மெஹ்தாப்தான் கேட்டாள்:
"நிறம் சொல்லு, அஹத்."
அது வேலையா இரக்கமா,
இன்றுவரை எனக்குத் தெரியாது.

காகிதத்தைக் கண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டான்.
"வெள்ளை ஐந்து."
போட்டாச்சு.

அடுத்த வரியிலும் அதே இடத்தில் வெள்ளை ஐந்து.
அதற்கடுத்த வரியிலும்.
விளக்கேற்றும் வரை.

அது கொடியின் தண்டு.
தண்டு பச்சை என்று என் விரலுக்குத் தெரியும்,
பதின்மூன்று வயதிலிருந்து அந்தக் கொடியோடுதான் இருக்கிறேன்.
நான் சொல்லவில்லை.
ரம்ஸான் வாயைத் திறந்தான்,
பிறந்து முதல்முறையாக
ஒன்றும் வராமல் மூடினான்.

பனி உருகியபின் முதலாளி வந்தார்,
பூதக்கண்ணாடியோடு.
"இதென்ன, பச்சைத் தண்டில் நகக்கண் அளவு வெள்ளை?"
ஓரிடத்தில் இருந்தால் பிழை,
கூலியில் கழித்திருப்பார்.
நான்கு இடத்தில்,
நூல் பிடித்தாற்போல் ஒரே வரிசையில்.
கண்ணாடியைத் துடைத்து மறுபடி பார்த்தார்.
பிறகு நக்காஷ் காதிரை வரவழைத்தார்.

பட்டையை எழுதிய காதிர்
மூக்குப்பொடியை உறிஞ்சினார்,
தும்மினார், தாடியை நீவினார்.
"பனி விழுந்த கொடி. என் கற்பனைதான்," என்றார்.
அஹத் தேநீரில் உப்பைக் கலக்கிக்கொண்டிருந்தான்.

ஜமுக்காளமா, கம்பளமா என்று பேதம் தெரியாத
ஏதோ ஒரு தூரதேசத்துக்காரர் அதை வாங்கினாராம்.
இன்னும் மூன்று வேண்டுமாம், அதே பனியோடு.

இப்போது அந்த வெள்ளைக்கு
காகிதத்தில் முறையான எழுத்து உண்டு:
ஒரு கொக்கி, அருகே ஐந்து புள்ளி.
வரிக்கு வரி அஹத் அதைப் படிக்கிறான்.
சில நாள் ஓட்டமாய்.
சில நாள் முன்னதாகவே நிறுத்தி
காங்கிரியைக் கிளறிவிட்டு.

மூன்றாவது கம்பளம் பாதி ஏறியபோது
ஃபாஸி எங்கோ கேட்டு வந்தாள்,
சஃபியாவுக்கு இரண்டாவது பிள்ளை என்று.
பலகைக்குக் கீழே குனிந்து, நூலைத் தேடுவதுபோல்,
எனக்கு மட்டும்.

மேலே அவன் குரல் வந்தது.
"வெள்ளை ஐந்து."

இரண்டு வெள்ளை போட்டேன்.
நடுவில் பச்சை ஒன்று, தண்டின் பச்சை.
பிறகு இரண்டு வெள்ளை.
என் பங்கில் மட்டும், அந்த ஒரு வரியில் மட்டும்.
பூதக்கண்ணாடி கண்டால் கண்டுகொள்ளட்டும்.

போட்டாச்சு, என்றேன்,
மற்ற மூவருக்கும் முன்னால்.